நேரக்கெடு உள்ள மென்பொருளுக்கு ஓட்டிப் பார்க்கும் ஸ்பெக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரகடம், அம்பத்தூர் பக்கம் வண்டிக் கன்ட்ரோலருக்கு நிரல் எழுதுகிறவர்களும், தரமணி முதல் சிறுசேரி வரை மருத்துவக் கருவி, ரயில்வே, டெலிகாம் என்று எம்பெடட் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வேலை பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. ஒரு சிஸ்டம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இரு பொருள் வராதபடி முறையான குறியீட்டில் எழுதுவது ஃபார்மல் ஸ்பெக். அதைக் கம்ப்யூட்டரில் நடத்திக் காட்ட முடிந்தால் அது ஓட்டிப் பார்க்கும் ஸ்பெக். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துப் பேசுவதால், முதல் தடவை வரிசையாகப் படிப்பது நல்லது. மில்லி செகண்டை மி.செ. என்று சுருக்கியிருக்கிறோம்.

1. எங்ககிட்ட ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் பக்கம் பக்கமா இருக்கு. அதுக்கு மேல ஃபார்மல் ஸ்பெக் எதுக்கு?

அந்த டாக்குமென்ட்டில் நேரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் தேடிப் பாருங்கள். 'உடனே', 'தாமதமின்றி', 'சிறிது நேரத்துக்குள்', '3 நொடி கழித்து' இந்த மாதிரிதான் கிடைக்கும். ஒரு மெட்ரோ ரயில் கதவை எடுத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் முழுக்க அதுதான் உதாரணம். (எண்கள் நாமாக வைத்துக்கொண்டவை, சென்னை மெட்ரோவின் எண்கள் அல்ல.) தேவை இப்படி எழுதப்பட்டிருக்கிறது: "எச்சரிக்கை ஒலி தொடங்கி 3 நொடி கழித்துக் கதவு மூடத் தொடங்க வேண்டும். மூடும்போது ஏதாவது தட்டுப்பட்டால் உடனே திறக்க வேண்டும். கதவு முழுக்க மூடிய பிறகே ரயில் கிளம்பலாம்."

படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 3 நொடி என்றால் சரியாக 3000 மி.செ.யா, குறைந்தது 3000 மி.செ.யா? குறைந்தது என்றால் அதிகபட்சம் எவ்வளவு? 'உடனே' என்பது மோட்டார் நிற்பதா, கதவு எதிர்ப்பக்கம் நகரத் தொடங்குவதா, முழுக்கத் திறந்து முடிவதா? கதவு மூடிய அதே கணத்தில் சென்சார் தடை என்று சொன்னால் எது செல்லும்? டிசைனர் மனசில் ஒரு பதில் இருக்கும், டெஸ்டர் மனசில் வேறொன்று இருக்கும். ஃபார்மல் ஸ்பெக்கில் இவை ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதாமல் அடுத்த வரிக்கு நகர முடியாது. அதனால்தான் இதன் பலனில் பாதி, டூலை ஓட்டுவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது.

2. ஓட்டிப் பார்க்கலாம்னா அதுவே கோடுதானே? ஸ்பெக்குக்கும் புரோகிராமுக்கும் என்ன வித்தியாசம்?

புரோகிராம் ஒரே ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. ஸ்பெக் அனுமதிக்கப்பட்ட எல்லா நடத்தைகளையும் சொல்கிறது. கதவு 3000 முதல் 3100 மி.செ.க்குள் எப்போது வேண்டுமானாலும் மூடத் தொடங்கலாம் என்பது ஸ்பெக். 3020-இல் தொடங்குவது அதற்கு உட்பட்ட ஒரு புரோகிராம். ஓட்டிப் பார்க்கும் ஸ்பெக்கில் அந்த 100 மி.செ. இடைவெளி அப்படியே இருக்கும். ஓட்டும் கருவி அதில் ஒரு புள்ளியை எடுத்து நடத்திக் காட்டும், அல்லது எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாக வைத்து ஆராயும்.

ஸ்பெக் ஓடக்கூடியதாக இருக்க வேண்டுமா என்பதே பழைய சண்டை. ஓட வேண்டும் என்ற கட்டாயம் எழுதுகிறவரைத் தேவையைவிட்டுத் தீர்வின் பக்கம் தள்ளிவிடும் என்று ஹேய்ஸ், ஜோன்ஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் 1989-இல் எழுதினார்கள். பயனாளர் கண்ணால் பார்த்துச் சரி, தப்பு சொல்லக்கூடிய ஸ்பெக்தான் உபயோகப்படும் என்று ஃபுக்ஸ் 1992-இல் மறுப்பு எழுதினார். நேரம் சம்பந்தப்பட்ட சிஸ்டங்களில் ஃபுக்ஸ் பக்கம்தான் நியாயம் அதிகம் என்பது எங்கள் கட்சி. நேரக்கெடுகள் ஒன்றோடொன்று மோதுவதைக் காகிதத்தில் படித்துக் கண்டுபிடிக்க மனிதரால் முடிவதில்லை. ஆனால் முதலாமவர்களின் எச்சரிக்கையும் நிஜம். ஸ்பெக்கில் ரிஜிஸ்டர் பெயர், பஃபர் அளவு எல்லாம் வர ஆரம்பித்தால் நீங்கள் கோடு எழுத ஆரம்பித்துவிட்டீர்கள் என்று பொருள்.

3. ரியல் டைம்னா வேகமா ஓடணும், அவ்வளவுதானே?

இல்லை. சொன்ன நேரத்துக்குள் நடக்கும் என்ற உறுதிதான் வேண்டும். சராசரியாக 2 மி.செ.யில் பதில் தந்து, எப்போதாவது 900 மி.செ. எடுக்கும் சிஸ்டத்தைவிட, எப்போதும் 80 மி.செ. எடுக்கும் சிஸ்டம் நம் கதவுக்கு மேல். சில இடங்களில் சீக்கிரம் செய்வதும் தப்பு: எச்சரிக்கை ஒலி 1 நொடியிலேயே முடிந்து கதவு மூடினால் அதுவும் கெடு மீறல்தான். ஸ்பெக்கில் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் எழுதுங்கள்.

4. டைம்டு ஆட்டோமேட்டான்னு சொல்றாங்களே, சாதாரண ஸ்டேட் மெஷினுக்கு மேல அதுல என்ன இருக்கு?

கிளாக் இருக்கிறது. ராஜீவ் ஆலூரும் டேவிட் டில்லும் 1990-இல் முன்வைத்து, 1994-இல் விரிவான கட்டுரையாக வெளியிட்ட வடிவம் இது. ஸ்டேட் மெஷினோடு (நிலைகளும் அவற்றுக்கிடையே மாற்றங்களும் கொண்ட மாதிரி) சில கிளாக்குகள். எல்லாம் ஒரே வேகத்தில் ஓடும். எந்த மாற்றத்தின்போதும் எந்தக் கிளாக்கையும் பூஜ்யமாக்கலாம். மாற்றத்தின் மேல் எழுதும் நிபந்தனைக்கு கார்டு என்று பெயர். அது 'எப்போது போகலாம்' என்று சொல்லும். நிலையின் மேல் எழுதும் நிபந்தனைக்கு இன்வேரியன்ட் என்று பெயர்; அது 'எதுவரை இங்கே இருக்கலாம்' என்று சொல்லும். கார்டு அனுமதிக்கும், கட்டாயப்படுத்தாது. கட்டாயப்படுத்துவது இன்வேரியன்ட். புதிதாக எழுதுகிறவர்கள் கார்டு மட்டும் போட்டுவிட்டு 'ஏன் இந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது' என்று கேட்பதற்கு இதுதான் காரணம்.

நேரம் தொடர்ச்சியானது, கிளாக் மதிப்புகள் எண்ணிறந்தவை. அப்படியிருந்தும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஆராய முடிகிறதே, எப்படி? கிளாக்குகளை முழு எண்களோடு மட்டும் ஒப்பிடுகிறோம். அதனால் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் மதிப்புகளைத் தொகுத்தால் முடிவான எண்ணிக்கையில் தொகுதிகள்தான் வரும். ஒரு தப்பான நிலைக்குப் போக வழி உண்டா என்ற கேள்விக்கு அதனால் எப்போதும் ஆம், இல்லை என்று பதில் கிடைக்கும். நேரம் எவ்வளவு ஆகும் என்பது வேறு விஷயம். அதற்குக் கேள்வி 11.

5. கதவை அப்படியே எழுதிக் காட்டுங்களேன்.

நிலைகள் ஐந்து: திறந்தது, எச்சரிக்கை, மூடுகிறது, திரும்புகிறது, மூடியது. கிளாக் ஒன்று, பெயர் 'க'. மூடும் உத்தரவு வந்ததும் 'எச்சரிக்கை'க்குப் போகிறோம், க பூஜ்யமாகிறது. அந்த நிலையின் இன்வேரியன்ட் க ≤ 3100. வெளியேறும் கார்டு க ≥ 3000. 'மூடுகிறது' நிலைக்குள் நுழையும்போது க மறுபடி பூஜ்யம். இன்வேரியன்ட் க ≤ 4000. முழுக்க மூடுவதற்கான கார்டு க ≥ 2500. அதே நிலையிலிருந்து தடைச் செய்தி வந்தால், எந்த நேரமானாலும், 'திரும்புகிறது'க்கு இன்னொரு வழி. அங்கிருந்து கதவு திறந்ததும் 'திறந்தது'. 'மூடியது' நிலையில் மட்டுமே ரயிலுக்குப் புறப்பாட்டு அனுமதி.

கன்ட்ரோலரை மட்டும் எழுதினால் ஸ்பெக் முடியாது. பயணிக்கு ஓர் ஆட்டோமேட்டான் (ஆட்டோமேட்டாவின் ஒருமை) வேண்டும்: எந்த நேரத்திலும், எத்தனை தடவையும் தடை ஏற்படுத்தக்கூடியவர். சென்சாருக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று. பிறகு நிரூபிக்க வேண்டியவற்றைத் தனி வாக்கியங்களாக ('பிராப்பர்ட்டி' என்பது இவைதான்) எழுதுகிறோம்: கதவு மூடாத எந்தக் கணத்திலும் ரயில் நகரக் கூடாது, தடை ஏற்பட்ட 300 மி.செ.க்குள் கதவு எதிர்ப்பக்கம் நகரத் தொடங்க வேண்டும். பயணி தடை ஏற்படுத்தாவிட்டால் கதவு மூடியே தீர வேண்டும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். எப்போதும் திறந்தே இருக்கும் கதவு முதல் இரண்டையும் மீறாது.

6. அந்த 300 மி.செ.யை சென்சார் டீம், கன்ட்ரோலர் டீம், மோட்டார் டீம் எப்படிப் பிரிச்சுக்கறது?

செய்தி போகும் வழியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மோசமான நேரத்தை வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். பெரும்பாலோர் செயல்படும் நேரத்தை எழுதிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தை மறந்துவிடுவார்கள். சென்சார் 50 மி.செ.க்கு ஒரு தடவை பார்த்தால், பார்த்த மறுகணம் ஏற்பட்ட தடை அடுத்த 50 மி.செ. காத்திருக்கும். ஆக: சென்சார் காத்திருப்பு 50, கணிப்பு 5, பஸ் (போர்டுகளுக்கு நடுவே செய்தி போகும் பொதுக் கம்பி) 2, கன்ட்ரோலர் டாஸ்க்கின் (குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் நிரல் துண்டு) அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பு 20, ஓட்டம் 4, பஸ் 2, மோட்டார் டிரைவ் காத்திருப்பு 20, ஓட்டம் 3. கூட்டினால் 106. மோட்டார் நின்று திரும்ப 150. மொத்தம் 256. 300-க்குள் இருக்கிறது, 44 மிச்சம்.

இப்போது சென்சார் டீம் 'ஒரு தடவை பார்த்து நம்ப முடியாது, தொடர்ந்து மூன்று தடவை பார்த்தால்தான் தடை' என்று வடிகட்டி போடுகிறது. அவர்கள் பார்வையில் சின்ன மாற்றம். நம் கணக்கில் இன்னும் இரண்டு சுற்று, 100 மி.செ.; மொத்தம் 356, கெடு போயிற்று. வழி, சென்சார் சுற்றை 20 ஆக்குவது: காத்திருப்பு 20, மேலும் இரு சுற்றுக்கு 40, மற்றவை 56, மோட்டார் 150, மொத்தம் 266. இனி வரும் பதில்களில் இந்த 266-தான் நம் எண்.

பஸ்ஸுக்கு 2 எங்கிருந்து வந்தது என்றால்: 500 கிலோபிட் கேன் பஸ்ஸில் 11 பிட் அடையாளம் கொண்ட 8 பைட் செய்தி, இடையில் செருகப்படும் ஸ்டஃபிங் பிட்டுகளோடு மோசமாகப் போனால் 135 பிட், அதாவது 0.27 மி.செ. நமக்கு மேலான முன்னுரிமைச் செய்திகள் சிலவும், ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் ஒன்றும் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்தாறு செய்திகளுக்கு 2 போதும். அதே பஸ்ஸில் அடுத்த ஆண்டு இருபது செய்தி சேர்ந்தால் இந்த 2 பொய்யாகிவிடும். ஆகவே இந்த எண்ணை ஸ்பெக்கில் பெயரோடு ஒரே இடத்தில் வையுங்கள்.

7. டெஸ்டிங்லயே இதெல்லாம் மாட்டிக்காதா?

நேரப் பிழைகள் குறிப்பிட்ட வரிசை, குறிப்பிட்ட இடைவெளி அமைந்தால் மட்டும் தலைகாட்டும். தெராக்-25 கதிர்வீச்சுக் கருவியில் காந்தங்களை அமைக்க சுமார் 8 நொடி ஆகும். அதற்குள் ஆபரேட்டர் திரையில் திருத்தம் செய்துவிட்டால் அந்தத் திருத்தத்தை மென்பொருள் கவனிக்காது. பழகிய ஆபரேட்டர் வேகமாகத் தட்டும்போதுதான் அது நடந்தது. 1985-87 காலத்தில் அந்தக் கருவியில் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. நிதானமாக டைப் செய்யும் டெஸ்டருக்கு இது கிடைத்திருக்காது.

பாங் அண்ட் ஓலுஃப்சன் ஆடியோ-வீடியோ கருவிகளில் பயன்பட்ட ஒரு புரோட்டோகாலில் பிழை இருப்பது தெரிந்தும் டெஸ்டிங்கில் அது எங்கே என்று பிடிபடவில்லை. உப்பால் என்ற சரிபார்ப்பு டூலில் மாடலாக (டைம்டு ஆட்டோமேட்டாவாக) எழுதியபோது பிழைக்குப் போகும் வழி கிடைத்தது. 1997-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். டெஸ்டிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. 16-வது கேள்வியில் அது திரும்ப வருகிறது.

8. மாடலை சிமுலேஷன்ல ஓட்டினாலே போதுமே? மாடல் செக்கிங் வேற தனியா எதுக்கு?

சிமுலேஷன் ஒரு தடவைக்கு ஒரு வழியைக் காட்டும். ஸ்பெக் நாம் நினைத்ததைத்தான் சொல்கிறதா என்று பார்க்க அது நல்லது. ஆபரேஷன்ஸ் ஆட்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டவும் நல்லது. மாடல் செக்கர் எல்லா வழியையும் பார்த்து, தப்பு இருந்தால் அதற்குப் போகும் வழியை அடி அடியாகத் தரும்.

நம் கதவிலேயே பாருங்கள். கேள்வி 5-இல் எழுதியபடி 'மூடியது' வந்த உடனே புறப்பாட்டு அனுமதி. மாடல் செக்கர் தரும் வழி: கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன் ஒரு பை வார் மாட்டுகிறது; சென்சார் மூன்று தடவை பார்த்துச் செய்தி அனுப்பி, கன்ட்ரோலர் முடிவெடுக்க 60, 5, 2, 20, 4 ஆக 91 மி.செ. ஆகலாம்; அதற்குள் கதவு மூடிய சிக்னல் வந்து, அனுமதியும் போய், ரயில் நகர்ந்துவிட்டது. கைச் சிமுலேஷனில் இந்த 91 மி.செ. இடைவெளியில் தடையைக் கொடுக்க யாருக்கும் தோன்றாது. திருத்தம்: மூடிய பிறகு 100 மி.செ. தடை ஏதும் வராவிட்டால் மட்டும் அனுமதி; இடையில் வந்தால் 'திரும்புகிறது'. இது கோடு பிழை அல்ல, ஸ்பெக் பிழை. கோடு ஸ்பெக்கை அச்சு அசலாகப் பின்பற்றியிருந்தாலும் ரயில் நகர்ந்திருக்கும்.

9. எந்த டூல் நல்லது? ஆபீஸ்ல சிமுலிங்க் லைசென்ஸ் இருக்கு, அதுல செஞ்சா ஆகாதா?

சிமுலிங்க், ஸ்டேட்ஃப்ளோ இரண்டும் ஓட்டிக் காட்டவும் கோடு எடுக்கவும் வலுவானவை. ஆனால் இயல்பாக அவை தீர்மானமான ஒரே நடத்தையைத்தான் ஓட்டும். '3000 முதல் 3100-க்குள் எப்போதாவது' என்பதை அப்படியே எழுத இடமில்லை. கன்ட்ரோல் கணக்கு அதிகம் என்றால் அங்கே இருங்கள். நேர இடைவெளிகளும் பல பகுதிகளின் உரையாடலும்தான் பிரச்சினை என்றால் உப்பால். ஸ்வீடனின் உப்சாலா, டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகங்கள் 1995 முதல் தரும் டூல் அது. கல்விக்கு இலவசம், கம்பெனி வேலைக்குத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

லஸ்டர் என்ற நிரல் மொழியிலிருந்து வந்த ஸ்கேட் டூல், விமானக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஊறியது. ஒரு டிக் (கிளாக்கின் ஒரு துடிப்பு) தொடங்கி அடுத்த டிக்குக்குள் கணக்கு முடிந்துவிடும் என்பது அதன் அடிப்படை அனுமானம். அந்த அனுமானத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும். டேட்டா ஸ்ட்ரக்சர் சிக்கலாக இருந்தால் ரியல்-டைம் மாட் (Real-Time Maude) என்ற டூலைப் பார்க்கலாம்.

10. எல்லா பிராப்பர்ட்டியும் பச்சை காட்டுது. அப்போ முடிஞ்சுதுதானே?

முதல் ஓட்டத்திலேயே எல்லாம் பச்சை (பாஸ்) என்றால் சந்தேகப்பட வேண்டும். மிகச் சாதாரணமாக நடப்பது இது: 'திரும்புகிறது' நிலையில் இன்வேரியன்ட் க ≤ 300 என்று எழுதிவிட்டு, '300-க்குள் திரும்புகிறதா' என்று கேட்பது. பாஸ் ஆகாமல் என்ன செய்யும்? நிரூபிக்க வேண்டியதை அனுமானமாகப் போட்டாயிற்று. இன்வேரியன்ட்டில் பகுதிகளின் எண்கள் (20, 4, 150) மட்டுமே வரலாம். 300 என்பது தனியாக நிற்கும் ஒரு கண்காணிப்பு ஆட்டோமேட்டானில் இருக்க வேண்டும்: தடை ஏற்பட்டதும் தன் கிளாக்கைப் பூஜ்யமாக்கிக் காத்திருக்கும், கதவு திரும்பியதும் ஓய்ந்துவிடும், 'காத்திருக்கும்போது அந்தக் கிளாக் 300-ஐத் தாண்டாது' என்பதே கேள்வி.

இன்னும் மோசமானது டைம்லாக். இன்வேரியன்ட் முடிந்துவிட்டது, வெளியேற ஒரு வழியும் திறக்கவில்லை. மாடலில் நேரமே நின்றுவிடும். நேரம் நின்ற உலகத்தில் கெட்டது எதுவும் நடக்காது, எல்லாப் பாதுகாப்புப் பிராப்பர்ட்டியும் பாஸ். டெட்லாக் (நகர வழியில்லாமல் மாட்டிக்கொள்வது) இல்லை என்ற கேள்வியை முதலில் ஓட்டுவது இதற்காகத்தான். அந்தக் கேள்வியில் மாட்டாத ஒன்று ஜீனோ ஓட்டம்: நேரம் நகராமலே ஒரு வளையத்தில் முடிவில்லாமல் சுற்றுவது. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கிளாக் பூஜ்யமாகி, அதே கிளாக்குக்குக் குறைந்தது 1 என்ற கார்டும் இருந்தால் இது வராது. மூன்றாவது, இரு பக்கமும் தயாராக இருந்தால் மட்டும் செய்தி போகும் கைகுலுக்கல் சேனல். சென்சார் 'தடை' சொல்ல, கன்ட்ரோலர் கேட்கத் தயாராக இல்லாவிட்டால் மாடலில் சென்சாரே சொல்லாமல் இருந்துவிடும்; அதாவது பயணியின் கையை மாடல் கட்டிவிட்டது. வெளியுலகிலிருந்து வரும் சிக்னலை, யாரும் கேட்காவிட்டாலும் அனுப்பிவிடும் பிராட்காஸ்ட் சேனலாக வையுங்கள், அல்லது கன்ட்ரோலரின் ஒவ்வொரு நிலையும் அதை வாங்கும்படி செய்யுங்கள்.

நல்ல சோதனை ஒன்று: எண்ணை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். நம் கணக்குப்படி மோசமான நேரம் 266. கெடுவை 266 ஆக்கினால் பாஸ் ஆக வேண்டும், 265 ஆக்கினால் ஃபெயில் ஆக வேண்டும். 265-லும் பாஸ் ஆனால் மாடல் மோசமான வழிக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு நிலைக்கும் போய்ச் சேர முடிகிறதா என்றும் கேளுங்கள். போக முடியாத நிலை என்பது எழுதிவிட்டு மறந்த பிழை.

11. ரன் போட்டா மெமரி தீர்ந்து நின்னுடுது. பெரிய சர்வர் வாங்கினா சரியாயிடுமா?

பெரும்பாலும் ஆகாது. முதலில் பார்க்க வேண்டியது நேர அளவுகள் கலந்திருக்கின்றனவா என்று. 20 மி.செ. சுற்றும் சென்சாரும் 30 நிமிட டைம்-அவுட்டும் ஒரே மாடலில் இருந்தால் நிலைகள் துண்டு துண்டாகச் சிதறும். இரண்டு மாடலாகப் பிரியுங்கள். சுற்றிக்கொண்டே இருக்கும் சென்சார் வளையத்தை எடுத்துவிட்டு, 'தடை ஏற்பட்டு 40 முதல் 60 மி.செ.க்குள் சொல்லும்' என்ற ஒரே தாமதமாக எழுதலாம். இது நிஜத்தைவிட அதிக நடத்தைகளை அனுமதிக்கும். ஆகவே பாதுகாப்புப் பிராப்பர்ட்டி பாஸ் ஆனால் நம்பலாம். ஃபெயில் ஆனால் காட்டிய வழி நிஜத்தில் நடக்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு சின்னச் சின்னவை. முழு எண் மாறிகளுக்கு எல்லை எழுதுங்கள். எழுதாவிட்டால் உப்பால் −32768 முதல் 32767 வரை எடுத்துக்கொள்ளும். தேவையில்லாத மாறியை நிலையைவிட்டு வெளியேறும்போது பூஜ்யமாக்குங்கள். கிளாக் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரே நேரத்தில் உயிரோடு இல்லாத இரண்டு கிளாக்குகள் ஒன்றாகலாம். இவ்வளவுக்குப் பிறகும் அடங்காவிட்டால் புள்ளிவிவர முறை இருக்கிறது: ஆயிரக்கணக்கில் ஓட்டி, இத்தனை சதவீத நம்பிக்கையோடு இந்த நிகழ்தகவு என்று சொல்லும். அதை நிரூபணம் என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

12. டாஸ்க் பிரயாரிட்டி, ப்ரீஎம்ப்ஷன் எல்லாம் மாடல்ல போடணுமா?

முடிந்தவரை வேண்டாம். ஒரு டாஸ்க்கை நிறுத்தி இன்னொன்றை ஓட்டுவதைக் காட்ட நின்று ஓடும் கிளாக் தேவை. அதைப் போட்டால் உப்பாலின் விடை துல்லியமாக இருக்காது, தோராயமாகிவிடும். எந்த டாஸ்க் எப்போது ஓடும் என்ற ஷெட்யூலிங் கணக்கைத் தனியாகப் போட்டு, வரும் மோசமான பதில் நேரத்தை மாடலுக்குள் எண்ணாகக் கொண்டுவாருங்கள்.

சுற்றுக்காலம் குறைந்ததற்கு அதிக முன்னுரிமை என்ற முறைக்கு லியூ, லேலண்ட் 1973-இல் தந்த புராசஸர் பளு எல்லை: மூன்று டாஸ்க்குக்கு 78.0%, நான்குக்கு 75.7%, எண்ணிக்கை கூடக்கூட 69.3% வரை இறங்கும். நம் கன்ட்ரோலரில் 20-க்கு 4 (20 மி.செ.க்கு ஒரு தடவை 4 மி.செ. ஓட்டம்), 50-க்கு 10, 100-க்கு 30 என்று மூன்று டாஸ்க். பளு 70%, சரி. நான்காவதாக 200-க்கு 20 சேர்த்தால் 80%, எல்லையைத் தாண்டியது. உடனே புராசஸரை மாற்ற ஓடாதீர்கள்: எல்லைக்குள் இருந்தால் நிச்சயம் முடியும் என்பதுதான் விதி, தாண்டினால் முடியாது என்பதல்ல. பதில் நேரத்தை, விடை மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப நேராகக் கணக்கிட்டால் நான்காவது டாஸ்க்குக்கு 64, 86, 90, 90 என்று 90-இல் நிற்கிறது. கெடு 200. தாராளம்.

இந்தக் கணக்கில் பூட்டுகள் (பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் தொட விடுபவை) சேரவில்லை. மார்ஸ் பாத்ஃபைண்டர் 1997-இல் செவ்வாயில் இறங்கிய பிறகு அடிக்கடி ரீசெட் ஆனது அதனால்தான்: வானிலைத் தகவல் எடுக்கும் தாழ்ந்த டாஸ்க் கையில் பூட்டு, அதற்காகக் காத்திருந்தது உயர்ந்த டாஸ்க், நடுத்தர டாஸ்க் புகுந்து ஓடியது, வேலை முடியாததைக் கண்ட வாட்ச்டாக் (காவல் டைமர்) ரீசெட் செய்தது. பூட்டு வைத்திருக்கும் டாஸ்க்குக்கு, காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தரும் பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் வசதியை இயக்கியதும் சரியானது. ஒவ்வொரு பூட்டும் அதிகபட்சம் எவ்வளவு நேரம் பிடிக்கப்படுகிறது என்ற எண்ணும் ஸ்பெக்கில் இருக்கட்டும்.

13. அந்த 4 மி.செ., 5 மி.செ. எல்லாம் சரின்னு எப்படித் தெரியும்? நாங்க ஆஸிலோஸ்கோப்ல அளந்துதான் போட்டோம்.

அளந்தது நீங்கள் பார்த்ததில் பெரியது. நடக்கக்கூடியதில் பெரியது அல்ல. கேஷ் (புராசஸருக்குள் உள்ள வேக நினைவகம்) காலியாக இருக்கும்போது, எல்லா லூப்பும் அதிகபட்சம் சுற்றும்போது, நடுவில் இன்டரப்ட் வரும்போது கூடும். கேஷ் இல்லாத சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் அளவையும், பாதைகளைக் கையால் எண்ணுவதும் சேர்ந்தால் போதும். கேஷ், பல கோர் உள்ள சிப்பில் நிரலை ஓட்டாமலே ஆராயும் (ஸ்டாடிக் அனாலிசிஸ்) டூல் வேண்டும், இல்லாவிட்டால் அளந்ததற்கு மேல் தாராளமாக இடம் விட வேண்டும். எப்படி வந்தது என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்: அளந்தது, கணக்கிட்டது, ஊகித்தது.

14. மாடல்ல கிளாக் கச்சிதமா ஓடுது. போர்டுல அப்படியா?

இல்லை. 10 மி.செ. டிக் உள்ள இயக்கு தளத்தில் '5 டிக் காத்திரு' என்றால் 50 மி.செ. கிடைக்காது, எந்த நேரத்தில் அழைத்தீர்கள் என்பதைப் பொறுத்து 40-க்கும் 50-க்கும் இடையில். குறைந்தது 50 வேண்டும் என்றால் 6 டிக் எழுதுங்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் 'இத்தனை காத்திரு' என்று எழுதினால் ஓடும் நேரமும் சேர்ந்து சுற்று நழுவிக்கொண்டே போகும்; அடுத்த சுற்றின் நேரத்தைக் குறித்துக் காத்திருக்கும் அழைப்பைப் பயன்படுத்துங்கள். கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 50 பங்கு தவறினால் ஒரு மணி நேரத்தில் 180 மி.செ.; இரண்டு போர்டுகள் எதிரெதிர்ப் பக்கம் தவறினால் இரட்டிப்பு.

சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு 1991 பிப்ரவரி 25, சவுதி அரேபியாவின் தஹ்ரான், பேட்ரியட் ஏவுகணைத் தளம். 0.1 நொடியை 24 பிட்டில் எழுதியதில் சிறு வெட்டு. சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அது 0.34 நொடியானது. வந்த ஸ்கட் ஏவுகணையைத் தேட வேண்டிய இடம் அரை கிலோமீட்டருக்கு மேல் தவறியது. 28 வீரர்கள் இறந்தார்கள். ஸ்பெக்கில் 'எத்தனை மணி நேரம் நிறுத்தாமல் ஓடும்' என்பதும் ஒரு நேரத் தேவைதான்.

15. எங்க சிஸ்டம் சாதாரண லினக்ஸ்ல, கிளவுட்ல ஓடுது. இது எங்களுக்குப் பொருந்துமா?

மேல் எல்லை தர முடியாத இடத்தில் கெடுவை நிரூபிக்க முடியாது. ஆனால் கெடு தவறினால் என்ன நடக்க வேண்டும் என்பதை எழுதி நிரூபிக்கலாம்: டைம்-அவுட், மறுமுயற்சி, தாமதமாக வந்த பதிலை என்ன செய்வது. பணப் பரிமாற்றத்தில் 30 நொடி டைம்-அவுட் ஆகி மறுமுயற்சி போன பிறகு முதல் பதில் வந்து சேருவது நல்ல தொடக்கப் பயிற்சி.

16. ஸ்பெக் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். ஆறு மாசத்துல ரெண்டும் வேற வேற ஆயிடாதா?

ஆகும், தடுக்காவிட்டால். மூன்று கயிறு கட்டலாம். ஒன்று, எண்கள் எல்லாம் ஒரே கோப்பில். அதிலிருந்தே மாடலும் கோடும் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு, மாடல் செக்கர் தரும் வழிகளை டெஸ்ட் கேஸாக மாற்றி போர்டில் ஓட்டுங்கள். கேள்வி 8-இன் பை வார் வழி முதல் டெஸ்ட். மூன்று, கேள்வி 10-இன் கண்காணிப்பு ஆட்டோமேட்டானை சிறு நிரலாக்கிப் போர்டின் லாக்கின் மேல் ஓடவிடுங்கள். 300 தாண்டிய அன்றே தெரியும்.

லாக்கில் நேர முத்திரை எந்த இடத்தில் குத்தப்படுகிறது என்று பாருங்கள். செய்தி வரிசையில் சேர்ந்தபோதா, எடுக்கப்பட்டபோதா? இரண்டுக்கும் நடுவில் உள்ள 20 மி.செ. கணக்கில் காணாமல் போகும்.

17. ஆடிட்டர் இதை ஏத்துப்பாரா?

வண்டிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 26262 பாதுகாப்புத் தரநிலையில் செமி-ஃபார்மல் குறியீடுகள் உயர் ஆபத்து நிலைகளுக்கு வலுவாகவும், ஃபார்மல் குறியீடுகள் அதற்கு அடுத்த அளவிலும் பரிந்துரைக்கப்படுகின்றன. விமானத்துக்கு டி.ஓ.-178சி தரநிலையுடன் ஃபார்மல் முறைகளுக்கென்றே டி.ஓ.-333 என்ற துணை ஆவணம் 2011 முதல் உண்டு. ஆடிட்டர் கேட்பது பச்சை நிறத்தை அல்ல: எந்தத் தேவை எந்தப் பிராப்பர்ட்டி ஆனது, அனுமானங்கள் என்ன, டூலை எதை வைத்து நம்புகிறீர்கள்.

18. சென்னையில இதை எங்கே கத்துக்கறது?

சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் டைம்டு ஆட்டோமேட்டா ஆராய்ச்சி வருடக்கணக்காக நடக்கிறது. தரமணியின் கணித அறிவியல் நிறுவனமும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் தர்க்கம், சரிபார்ப்புத் துறைகளில் ஆட்கள் உள்ள இடங்கள். வேலைக்கு நடுவே படிக்கிறவர்களுக்கு என்.பி.டி.இ.எல். இணையப் பாடத் தளத்தில் மாடல் செக்கிங் பாடங்கள் இலவசம். உப்பாலோடு வரும் ரயில்-கேட் உதாரணத்தை முதலில் எண் மாற்றி உடைத்துப் பாருங்கள்.

19. டீம்ல ரெண்டு பேர்தான் இதுக்கு ஒதுக்க முடியும். எதுல ஆரம்பிக்கறது?

முழு சிஸ்டத்தையும் எழுதப் போகாதீர்கள். ஃபீல்டில் 'எப்போதாவது வருகிறது, திரும்ப வரவைக்க முடியவில்லை' என்று மூடப்பட்ட புகார்களைப் பாருங்கள். நேரப் பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்த ஒரு பரிமாற்றத்தை மட்டும், மூன்று நான்கு ஆட்டோமேட்டானுக்குள் எழுதுங்கள். வெளியுலகை முதலில் எழுதுங்கள், கன்ட்ரோலரைக் கடைசியில். கன்ட்ரோலரை முதலில் எழுதினால் அதற்குத் தோதான பயணியைத்தான் கை எழுதும்.

20. மாடல்ல கெடு பாஸ், ஆனா வண்டியில தவறுது. யார் மேல தப்பு?

போர்டு லாக்கை எடுத்து மாடலில் அந்த வழி நடக்கக்கூடியதா என்று ஓட்டுங்கள். நிகழ்வுகளின் வரிசையே மாடலில் முடியாதென்றால் வெளியுலகை இறுக்கமாக எழுதியிருக்கிறீர்கள். கேள்வி 10-இன் கைகுலுக்கல் சேனலை முதலில் சோதியுங்கள். வரிசை சரி, ஆனால் ஏதோ ஒரு கட்டம் மட்டும் எண்ணைத் தாண்டியிருக்கிறது என்றால் 13-க்கும் 14-க்கும் போங்கள்: ஊகித்தது என்று குறித்த எண்கள்தான் முதல் சந்தேகம்.

ஒவ்வொரு கட்டமும் எண்ணுக்குள்ளேயே இருந்தும் மொத்தம் தாண்டுகிறதென்றால், வழியில் மாடலில் இல்லாத ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு க்யூ, இல்லையென்றால் இரண்டு பஸ்களுக்கு நடுவில் உள்ள கேட்வே. அதற்கும் ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. அதை அளந்து கேள்வி 6-இன் கூட்டலில் சேர்த்து, மறுபடி ஓட்டுங்கள்.